எடுத்து ஒட்டத் தோல் எங்கே?

“எடுத்து ஒட்டத் தோல் எங்கே?”

அறுவை மருத்துவர் இந்தக் கேள்வியை எம்மிடம் கேட்கவில்லை. தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். தீப்புண் பிரிவின் நடைவழியில் நின்ற நம் செவியில் அது விழுந்தது. விழுந்த சொல் இன்றுவரை அகலவில்லை.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஊர்களில் ஒன்று நம் ஊர். நம் படிப்பகத்துக்கு நாள்தோறும் வரும் தம்பி ஒருவன், வயது இருபது. தந்தை, தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று கால்கள் வெந்துபோனவர். தாயும் அங்கேயே கூலி. மகன் கல்லூரிக்குச் செல்கிறான். கட்டணத்துக்காக முகூர்த்த நாள்களில் சமையற்காரரிடம் எடுபிடி வேலைக்கும் செல்வான். அப்படிச் சென்ற நாள் ஒன்றில், ஈரத் தரையில் கால் வழுக்கிற்று. அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டி சரிந்தது. கழுத்து, மார்பு, இரு கைகள் — உடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெந்துபோயிற்று. உள்ளே மணமக்களுக்கு வாழ்த்து. வெளியே ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் அலறல்!

தோல் என்றால் போர்வை என்றே நாமும் எண்ணியிருந்தோம். அது போர்வை மட்டுமன்று, கோட்டை என்பதை அங்கேதான் கற்றோம். கோட்டை இடிந்தால் உடலின் நீர் வெளியேறும். நோய்க்கிருமி உள்ளே நுழையும். மேல்தோல் மட்டும் கருகினால் அது தானே வளரும். அதன் கீழே நார்நாராய்ப் பின்னிக்கிடக்கும் அடித்தோல் முழுவதும் அழிந்துவிட்டால், வளர்ந்த மனித உடல் அதை மீண்டும் ஆக்கத் தெரியாது தவிக்கிறது. தோலை ஆக்குவதற்கு மாறாகப் புண்ணின் ஓரங்களை இழுத்துச் சுருக்குகிறது; தழும்பை வைத்து அடைக்கிறது. கழுத்தில் அப்படிச் சுருங்கினால் மோவாய் மார்போடு ஒட்டும். முழங்கையில் சுருங்கினால் கை மடங்கியது மடங்கியதாகவே நிற்கும். உயிர் பிழைத்தவன் ஆயுள் முழுதும் முடங்குவான்.

இந்த நிலையில் கட்டிலைச் சுற்றி எழுந்த குரல்களைக் கேளுங்கள்! “அவன் தலையெழுத்து” என்றது ஒரு குரல். “முன்வினை” என்றது மற்றொன்று. வழுக்கும் தரை தலையெழுத்தாம்! பாதுகாப்பில்லாத அடுப்பு முன்வினையாம்! மருத்துவர் மட்டும் விதியைப் பற்றிப் பேசவில்லை. தொடையில் எஞ்சிய நல்ல தோலை அளந்துகொண்டிருந்தார்.

அளந்தபின் அவர் எம்மிடம் விளக்கினார். மார்புக்கும் கைகளின் பெரும்பகுதிக்கும் தொடைத் தோலைச் சீவி, வலைபோல் கீறி விரித்து ஒட்டலாம். கழுத்துக்கும் முழங்கை மடிப்புக்கும் அது போதாது. அங்கே அடித்தோலே வேண்டும். அதற்கு ஒரு தாள் இருக்கிறது. அதனை வைத்தால் உடலே புதிய அடித்தோலை வளர்த்துக்கொள்ளும் என்றார்.

அந்தத் தாளை நாம் கண்ணால் கண்டோம். வெள்ளை நிறம், ஒரு பக்கம் பஞ்சுபோல், மறுபக்கம் கண்ணாடிபோல் வழுவழுப்பு. பஞ்சுப் பக்கம், மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த கொல்லாஜன் என்னும் புரதம். அத்துடன் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மம். வழுவழுப்பான பக்கம் சிலிக்கோன். ஆலையில் மனிதன் ஆக்கிய பாலிமர். இயற்கையின் பிள்ளை கீழே. செயற்கையின் பிள்ளை மேலே. இரண்டும் ஒட்டிப் பிறந்தாற்போல் ஒரே தாளில்!

அருகிருந்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். “மாட்டிலிருந்து எடுத்ததா? அதையா பிள்ளை உடம்பில் வைப்பது? பாவம் வந்து சேருமே!” என்றார்.

தம்பியின் தாய் தலைநிமிர்ந்தார். அழுதழுது வீங்கிய முகம். குரல் மட்டும் தெளிவாக வந்தது. “இருபது வருசமா மாட்டுத் தோலுதான் எங்க வீட்டுக்குச் சோறு போட்டுச்சு ஐயா. அந்த மாடே எம்புள்ளைக்குத் தோலும் குடுக்கட்டும்.”

பெரியவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. எத்தனையோ மேடைகளில் மணிக்கணக்கில் பேசியவர் நாம். அந்தத் தாய் இரண்டு வரிகளில் முடித்துவிட்டார்.

அன்றிரவு முதல் அந்தத் தாளைப் பற்றித் தேடித்தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வியப்பு வளர்ந்தது, வெட்கமும் வளர்ந்தது.

வெட்கம் ஏன்? தோலைத் தொட்டவனைத் தீண்டாதே என்று சொல்லி, ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. அந்தத் தொழிலாளி தொட்டது எதனை? உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான கொல்லாஜனை! தோலும் எலும்பும் தசைநாணும் நிலைத்து நிற்பது அதனால்தான். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் இட்டால், அவற்றின் துவர்ப்பு கொல்லாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும். தோல் அழுகாது நிலைக்கும். இதனைத்தான் நம் பாட்டன்மார் பதனிடுதல் என்றனர். இன்றைய ஆய்வுக்கூடத்தில், கொல்லாஜன் பஞ்சு உடலுக்குள் விரைந்து கரைந்துவிடாதிருக்க, வெற்றிடத்தில் சூடேற்றியும் குளூட்டரால்டிஹைடு என்னும் பொருளைச் சேர்த்தும் நார்களைப் பிணைக்கின்றனர். அந்தக் குளூட்டரால்டிஹைடு தோல் பதனிடுவதற்கும் பயன்படும் பொருளே! மருத்துவர் கையில் புகழ் பெறும் வேதியியலுக்கு உறவான வேதியியல், தொழிலாளியின் கையில் இழிவு பெற்றது. இழிவு வேதியியலில் இல்லை. பார்த்தவன் கண்ணில் இருந்தது.

அந்தப் புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்த பெருமையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் நார்களின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பே கொல்லாஜன் என்று 1954-55-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அது. சிறியதாய் இருப்பதால்தான் மூன்று இழைகளும் நெருங்கி முறுக்க இடம் கிடைக்கிறது. அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இந்தப் புரதத்தைக் காலணிக்கு மட்டுமன்றிப் புண்ணை ஆற்றவும் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்து வந்திருக்கிறது.

சரி, நாம் கண்ட தாள் எங்கே பிறந்தது? அமெரிக்காவில், பாஸ்டன் நகரில். ஜான் பர்க் தீப்புண் மருத்துவர். நம் மருத்துவரைப் போலவே, ஒட்டத் தோலின்றி நோயாளிகளை இழந்து மனம் நொந்தவர். கிரேக்க நாட்டில் பிறந்த அயோனிஸ் யானஸ், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாலிமர்களை ஆராய்ந்தவர். 1969-இல் இருவரும் கைகோத்தனர். கத்தி பிடித்தவனுக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரிந்தவனுக்குப் புண் தெரியாது. இருவர் அறிவும் கலந்தபின்தான் வழி பிறந்தது.

அவர்கள் முதலில் தேடியது புண்ணை விரைவில் மூடும் ஒரு போர்வை. விலங்குகளிடம் சோதித்தபோது, ஒரு வகைக் கொல்லாஜன் பஞ்சு புண் மூடுவதை விரைவாக்கவில்லை, தாமதமாக்கிற்று! தோல்வி என்று குப்பையில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டனர். உற்றுப் பார்த்தபோது, அந்தப் பஞ்சு புண் சுருங்குவதைத் தடுத்திருந்தது. தழும்பு தோன்றவேண்டிய இடத்தில் அடித்தோல் போன்ற புதிய திசு தோன்றியிருந்தது. எதிர்பார்த்த விடை வரவில்லையென்றால் கேள்வியை மறைக்காதே, மேலும் கேள்! பகுத்தறிவு என்று நாம் பேசுவதன் முழுப் பொருளும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

1981-இல் பத்து நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. உடலில் பாதிமுதல் 95 விழுக்காடுவரை வெந்துபோனவர்கள் அவர்கள். 1996-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தச் செயற்கைத் தோலுக்கு ஒப்புதல் அளித்தது. இருவரும் கைகோத்த நாளிலிருந்து ஒப்புதல்வரை 27 ஆண்டுகள்! மந்திரத்தில் மாங்காய் விழும் என்பார். அறிவியலில் மரம் நட்டு, நீர் ஊற்றி, காத்திருக்க வேண்டும்.

இங்கே இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும்: புரதம் அத்தனை நல்லதென்றால் புரதமே போதாதா? பாலிமர் எதற்கு? அல்லது, பாலிமரை விரும்பியபடி ஆக்கலாமென்றால் மாடு எதற்கு?

வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். சாரம் வீடு ஆகாது. சாரமின்றி உயர்ந்த சுவரும் எழாது. ஏறி நிற்பவனுக்குப் பிடிப்பு வேண்டும். அவன் எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். வேலை முடிந்ததும் அகலவும் வேண்டும். உடலுக்குள் கட்டும் சாரத்துக்கும் இவை மூன்றும் தேவை. ஏறி வேலை செய்பவை உயிரணுக்கள்.

பிடிப்புத் தருவதில் புரதத்துக்கு நிகரில்லை. உயிரணுவின் மேற்பரப்பில் கைகள் போன்ற மூலக்கூறுகள் உண்டு. அவை எதையும் பற்றுவதில்லை. தெரிந்த அடையாளத்தையே பற்றும். அந்த அடையாளங்களில் ஒன்று ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசை என்று 1984-இல் கண்டறிந்தனர். கொல்லாஜன் போன்ற புரதங்களைக் கண்டால் உயிரணு தன் வீட்டுத் திண்ணையில் அமர்வதுபோல் அமர்ந்துகொள்கிறது. ஆனால் ஈரத்தில் அந்தப் புரதப் பஞ்சு துவண்டுவிடும். உடலின் நொதிகள் அதனை விரைவில் தின்றுவிடும். சுவர் எழுமுன்னே சாரம் சரிந்தால் என்ன பயன்?

பாலிமரின் இயல்பு இதற்கு நேர்மாறு. பாலிகிளைக்காலிக் அமில இழை சில கிழமைகளில் வலிமை இழந்து கரையும். பாலிகாப்ரோலாக்டோன் கரைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். எத்தனை நாள் நிற்கவேண்டுமோ அத்தனை நாளுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். பாலிலாக்டிக் அமிலம் சிதைந்தால் வருவது தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலமே. உடல் அதனைச் செரித்துவிடும். ஆனால் உயிரணுவுக்கு அந்தப் பாலிமர் முகம் தெரியாத அயலான். பற்றிக்கொள்ள அடையாளம் ஏதுமில்லை. ஓரிடத்தில் அமிலம் மிகுந்தால் வீக்கமும் காணும்.

ஒன்றிடம் இருப்பது மற்றதனிடம் இல்லை. ஆகவே இரண்டையும் சேர்க்கின்றனர். பல வழிகளில் சேர்க்கின்றனர். நாம் கண்ட தாளில் அடுக்குமேல் அடுக்கு: கீழே புரதம் உயிரணுக்களை வரவேற்கிறது, மேலே சிலிக்கோன் நீரைக் காத்துக் கிருமியைத் தடுக்கிறது. மற்றொரு வழியில், கொல்லாஜனிலிருந்து காய்ச்சி எடுத்த ஜெலட்டினையும் பாலிகாப்ரோலாக்டோனையும் ஒரே கரைப்பானில் கரைத்து, நுண்ணிய ஊசிமுனை வழியே, பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில் இழுக்கின்றனர். மயிரிழையைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய நூல் பறந்து வந்து படிகிறது. சிலந்தி வலைபோல் ஒரு துணி உருவாகிறது. நூலுக்கு வலிமை ஒன்றால். உயிரணுவுக்கு உறவு மற்றொன்றால். இன்னொரு வழி, பாலிமர் இழையைப் பின்னி அதன்மேல் கொல்லாஜனைப் பூசுவது. எந்த வழியாயினும் கணக்கு ஒன்றுதான்: புதிய திசு வளரும் வேகமும் சாரம் கரையும் வேகமும் பொருந்த வேண்டும். முந்திக் கரைந்தால் சரிவு. பிந்திக் கரைந்தால் இடையூறு.

இதைப் படித்தபோது இரு வகைப் பித்தர்கள் எம் நினைவில் வந்தனர். “இயற்கையானதெல்லாம் தூயது, செயற்கையெல்லாம் நஞ்சு” என்பார் ஒரு சாரார். நல்ல பாம்பின் நஞ்சும் இயற்கைதானே! “செயற்கை வந்துவிட்டது, இனி எல்லாம் ஆகும்” என்பார் மறுசாரார். இதுவும் பக்திதான், கும்பிடும் பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டாம் சாராருக்கு ஒரு செய்தி. 2006-இல் அந்தோணி அட்டாலாவும் உடன் உழைத்தவர்களும், நான்கு வயதுமுதல் 19 வயதுவரையுள்ள ஏழு பேருக்கு, அவரவர் உயிரணுக்களைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவைப் பொருத்தியதாக ‘லான்செட்’ இதழில் எழுதினர். சிலருக்குக் கொல்லாஜன் சாரம்; சிலருக்குக் கொல்லாஜனும் பாலிகிளைக்காலிக் அமிலமும் சேர்ந்த சாரம். சேர்த்துச் செய்து, குடலருகே உள்ள குருதி நிறைந்த கொழுப்பு மடிப்பால் போர்த்தியவை நன்கு பயன்பட்டன. உலகம் கைதட்டிற்று. ஆனால் செயற்கைப் பாலிமர்ச் சாரத்தில் உயிரணுக்களை இட்டுச் சிறுவர்களிடம் நடத்திய அடுத்தகட்ட ஆய்வின் முடிவு 2014-இல் வந்தபோது, எதிர்பார்த்த நன்மை தோன்றவில்லை. கடுமையான பக்கவிளைவுகளும் நேர்ந்தன. அதையும் அச்சிட்டு வெளியிட்டனர் என்பதே நாம் போற்றவேண்டியது. பலிக்காத வேண்டுதல்களின் பட்டியலை எந்தக் கோயிலாவது சுவரில் எழுதி வைத்ததுண்டா? அறிவியல் தன் தோல்வியைத் தானே எழுதி வைக்கிறது. அதனால்தான் அதனை நம்புகிறோம். அதனிடமும் கணக்குக் கேட்கிறோம்.

நம் தம்பிக்கு என்ன ஆயிற்று? அதையும் கணக்காகவே சொல்லிவிடுகிறோம்.

அந்தத் தாள் வெளிநாட்டுச் சரக்கு. உள்ளங்கையளவுத் துண்டுக்கு, அவன் தந்தையின் பல மாதக் கூலி விலை. படிப்பகத் தோழர்கள் உண்டியல் ஏந்தினர். தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியைத் தந்தனர். கழுத்துக்கும் ஒரு முழங்கைக்கும் வாங்கினோம். மறு முழங்கைக்குப் பணம் போதவில்லை. அங்கே தொடைத் தோலையே சீவி ஒட்டினர்.

மூன்று கிழமை கழித்து மருத்துவர் சிலிக்கோன் படலத்தை மெல்ல உரித்தார். கீழே இளஞ்சிவப்பாய்ப் புதிய அடித்தோல்! அதன்மேல், தாளினும் மெல்லியதாய்ச் சீவிய அவனுடைய மேல்தோலை ஒட்டினார். காவல் முடிந்தது, பாலிமர் வெளியேறிற்று. கட்டுமானம் முடிய முடியக் கொல்லாஜன் பஞ்சும் கரைந்து, அவ்விடத்தை அவன் சொந்தத் திசுவுக்கு விட்டுக்கொடுத்தது. வந்த வேலை முடிந்ததும் இடத்தை விட்டு விலகும் இந்தப் பண்பு எத்தனை தலைவர்களிடம் உண்டு, சொல்லுங்கள்!

ஓராண்டு சென்றது. அவன் கழுத்து நிமிர்கிறது, திரும்புகிறது. அந்தத் தோலில் மயிர் முளைக்காது, வியர்வை சுரக்காது. வியர்வைச் சுரப்பியை உண்டாக்கும் வித்தை அந்தத் தாளுக்கு இல்லை. சித்திரை வெயிலில் ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படிப்பகத்துக்கு வருகிறான். தாள் வைத்த வலக்கை முழுதும் நீள்கிறது. தாள் வைக்காத இடக்கை முக்கால் பங்கு நீண்டு நின்றுவிடுகிறது.

அந்தக் கால் பங்கைத்தான் நாம் மறக்க முடியாமல் தவிக்கிறோம். அதற்குக் காரணம் விதியன்று, வேதியியலுமன்று, விலை. மாடு இங்கே உண்டு. கொல்லாஜன் இங்கே உண்டு. அதன் உருவத்தை உலகுக்குச் சொன்ன பல்கலைக்கழகம் இங்கே உண்டு. தோலை அறிந்த கைகள் தலைமுறை தலைமுறையாய் இங்கே உண்டு. ஆயினும் தோல் தொழிலாளியின் மகனுக்கு ஒரு முழங்கைக்குத்தான் தாள் கிடைத்தது!

படிக்கும் தோழர்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறோம். அறிவியல் பயில்வோர் இந்தத் துறைக்கு வாருங்கள். புரதத்தையும் பாலிமரையும் சேர்க்கும் கலையைக் கற்று, ஏழைக்கு எட்டும் விலையில் அந்தத் தாளை இங்கேயே ஆக்கும் வழி காணுங்கள். அரசு மருத்துவமனைதோறும் அது வேண்டுமென்று கேளுங்கள். ஏனையோர், இறந்தபின் தோலைத் தர இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். இறந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். குருதிப் பிரிவுப் பொருத்தமும் வேண்டியதில்லை. அது நிலைத்து ஒட்டாது. சில கிழமைகள் காக்கும். அந்தச் சில கிழமைகளில் ஓர் உயிர் தப்பிவிடும்.

எம் தோலைத் தருவதாக நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். சாட்சிக் கையெழுத்து இட்டவன் அந்தத் தம்பி. நீளும் கையால் கையெழுத்திட்டான். நீளாத கையால் தாளைப் பிடித்துக்கொண்டான்.